பெயர்ப் பற்றும் பயன் நோக்கும்: ஓசூர்க் கைக்கடிகாரம் உணர்த்தும் பாடம்

தோற்றுவாய்

மனிதன் தன் உடம்போடு அணிந்துகொண்ட இயந்திரங்களுள் முதன்மையானது கைக்கடிகாரம். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்கு அது மூத்த உடன்பிறப்பு. ஒரு பொருளை வாங்கும்போது அதன் மேல் பொறித்த பெயரை நம்பி வாங்குவதா, அப்பொருளால் விளையும் பயனை எண்ணி வாங்குவதா என்னும் வினா இன்று மாணவர் விடுதிகளிலும் வீடுகளிலும் நாள்தோறும் எழுகின்றது. இவ்வினா புதியது அன்று. நாற்பது ஆண்டுகட்கு முன்பே நம் எல்லைப்புற நகராகிய ஓசூரை மையமாகக் கொண்டு இது எழுந்தது. அன்று கிடைத்த விடையால் ஓர் ஆலை தழைத்தது. மற்றோர் ஆலை நலிந்தது. அவ்வரலாற்றை ஆராய்ந்து, அதன்வழி இன்றைய இளைஞர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் சில கருத்துகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு வணிகப் பெயரின்மீது வாங்குவோர் கொள்ளும் நீங்காத பிடிப்பை இக்கட்டுரையில் 'பெயர்ப் பற்று' என்றும், தேவை, விலை, உழைப்பு, பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றை எண்ணித் தேர்வதைப் 'பயன் நோக்கு' என்றும் குறிக்கின்றோம்.

காலத்தை அளந்த தமிழர்

தமிழர் காலக் கணக்கில் வல்லவர். ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர்க்கலத்தின் உதவியால் நாழிகையை அளந்து அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் காட்டப்பெறுகின்றனர். அன்று காலம் அறிதல் அரசனுக்கு உரிய வசதியாக இருந்தது. குடிமக்கள் ஞாயிற்றையும் நிழலையும் நோக்கிப் பொழுதறிந்தனர்.

ஆலைகளும் புகைவண்டியும் பள்ளிக்கூடங்களும் வந்தபின் நிமிடக் கணக்கு அனைவர்க்கும் வேண்டியதாயிற்று. ஆலையின் சங்கொலிக்கு முன் வாயிலுக்குச் சென்று சேரவேண்டும். தேர்வு மண்டபத்தில் எஞ்சிய நேரத்தை அறியவேண்டும். பள்ளிவாசல்களில் ஐவேளைத் தொழுகை நேரங்களைக் குறிப்பதற்கும், நோன்பு திறக்கும் நிமிடத்தை அறிவிப்பதற்கும் நம்பத்தக்க கடிகாரம் இன்றியமையாததாயிற்று. எனவேதான் கைக்கடிகாரம் ஓர் அணிகலன் என்பதைக் காட்டிலும் ஒரு கருவி என்றே நம் முன்னோரால் மதிக்கப்பெற்றது.

எச்.எம்.டி. என்னும் பெயர்

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் கைக்கடிகாரம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தது. 1953-ஆம் ஆண்டில் பெங்களூரில் இயந்திரக் கருவிகள் செய்வதற்காக நிறுவப்பெற்ற பொதுத்துறை நிறுவனமாகிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், 1961-ஆம் ஆண்டில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் தொகுதிக் கடிகாரங்களைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு வெளியிட்டார். எச்.எம்.டி. என்னும் மூன்றெழுத்து அன்றுமுதல் நாட்டுப் பெருமையின் அடையாளமாயிற்று.

ஜனதா, பைலட், சோனா, கோகினூர், காஞ்சன் என்று அதன் வகைகளுக்குப் பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஜனதா எளியோர்க்கு உரியது. பள்ளியிறுதித் தேர்வில் தேறிய மகனுக்கும், மணமகனுக்கும், பணி ஓய்வு பெறும் ஊழியர்க்கும் அளிக்கப்பெற்ற பரிசு பெரும்பாலும் எச்.எம்.டி. கடிகாரமே. கண் பார்வை இழந்தோர் விரலால் தொட்டு நேரம் அறியும் பிரெய்ல் கடிகாரத்தையும் அந்நிறுவனம் செய்தளித்தது. இலாபம் ஒன்றையே நோக்கிய நிறுவனம் எளிதில் மேற்கொள்ளாத பணி அது என்பதை இங்குக் குறிப்பிடுதல் தகும்.

ஆகவே எச்.எம்.டி.யின்மீது மக்கள் கொண்ட பற்று வெறும் விளம்பரத்தால் விளைந்ததன்று. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, கடிகாரம் உழைத்தது. தந்தை அணிந்ததை மகனும் அணிந்தான். இரண்டாவது, பழுதுற்றால் சிற்றூர்க் கடைத்தெருவிலும் அதைச் சீர்செய்வோர் இருந்தனர். ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருந்த கடிகாரக்காரருக்கு அதன் உள்ளுறுப்பு ஒவ்வொன்றும் பழக்கம். மூன்றாவது, அது நம் நாட்டுப் பொருள். இம்மூன்றில் முதலிரண்டும் பயனைச் சார்ந்தவை. பெயர்ப் பற்றின் வேர் பயனிலேயே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

மறுபக்கமும் உண்டு. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பிய உறவினர் கொண்டுவந்த சீக்கோ, சிட்டிசன் கடிகாரங்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. கள்ளக் கடத்தல் வழியாகவும் அவை வந்தன. அவற்றுட் பல நேரத்தைச் செம்மையாகவே காட்டின. ஆயினும் 'வெளிநாட்டுக் கடிகாரம்' என்னும் பெயருக்காகவே அவற்றை விரும்பியோரும் பலர். அப்பொருள் பழுதுற்றபோது உதிரி உறுப்பு கிடைக்காமல் பெட்டிக்குள் உறங்கியதும் பல வீடுகளில் கண்ட உண்மை.

சாவிக் கடிகாரமும் குவார்ட்ஸ் கடிகாரமும்

இவ்விடத்தில் இருவகைக் கடிகாரங்களின் இயக்கத்தையும் சுருக்கமாக அறிதல் வேண்டும். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் சுருண்ட எஃகு வில் ஒன்று உள்ளது. நாள்தோறும் சாவி கொடுக்கும்போது அவ்வில் இறுகுகின்றது. பின்னர் மெல்லத் தளர்ந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றது. அச்சுழற்சி ஒரேயடியாக ஓடிவிடாதவாறு இருபுறமும் ஊசலாடும் ஒரு சிறு சக்கரம் தடுத்து முறைப்படுத்துகின்றது. பழைய கடிகாரங்கள் பலவற்றில் இவ்வசைவு நொடிக்கு 5 முறை நிகழும். உராய்வைக் குறைக்கச் செயற்கைக் கற்கள் பதிக்கப்பெறும். '17 கல்' என்று முகப்பில் எழுதியிருப்பது இதனாலேயே.

இவ்வகைக் கடிகாரம் வெப்பத்தாலும் அதிர்ச்சியாலும் எண்ணெய் உலர்வதாலும் சற்று முந்தும் அல்லது பிந்தும். நாளொன்றுக்கு 20 நொடி பிந்தினாலும் 30 நாளில் 600 நொடி, அதாவது 10 நிமிடம் ஆகிவிடும். எனவேதான் வானொலிச் செய்திக்கு முன் ஒலிக்கும் நேர ஒலியைக் கேட்டு முள்ளைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் வீடுதோறும் இருந்தது.

குவார்ட்ஸ் கடிகாரம் வேறு வகையானது. படிகக்கல்லின் மிகச் சிறு துண்டு ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது ஒரே சீராக அதிரும். கைக்கடிகாரத்தில் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிருமாறு வெட்டப்பெறுகின்றது. அவ்வெண் 2-ஐப் பதினைந்து முறை பெருக்கக் கிடைப்பது. மின்சுற்று அதனை மீண்டும் மீண்டும் பாதியாக்கி நொடிக்கு ஒரு துடிப்பாகத் தருகின்றது. அத்துடிப்பு முள்ளை நகர்த்துகின்றது. பொதுவாக இதன் பிழை மாதத்திற்குச் சில நொடிகளே. சாவி கொடுக்க வேண்டுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ பேட்டரி மாற்றினால் போதும். ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25-ஆம் நாள் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வெளியிட்டது.

இது சுவிட்சர்லாந்தை உலுக்கியது. வியப்பு யாதெனில், சுவிஸ் ஆய்வாளரும் 1967-ஆம் ஆண்டிலேயே குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முன்மாதிரியை உருவாக்கியிருந்தனர் என்பதாகும். எனினும் சக்கரக் கடிகாரத்தின் பெருமையிலேயே அந்நாட்டுத் தொழில் தோய்ந்திருந்தது. 1970-இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலைபார்த்த அத்தொழிலில் 1980-களின் நடுவில் 30,000 பேரைச் சற்றே விஞ்சிய அளவினரே எஞ்சினர். பின்னர் 1983-இல் 51 உறுப்புகளே கொண்ட எளிய ஸ்வாட்ச் குவார்ட்ஸ் கடிகாரத்தாலேயே அத்தொழில் மீண்டும் தலைதூக்கியது. வாங்குவோர்க்கு மட்டுமன்றிச் செய்வோர்க்கும் பழையதன்மீது பற்று உண்டு என்பதையும், பின்னதே மிகுந்த கேட்டினைத் தருவது என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

ஓசூரில் எழுந்த ஆலை

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து 1984-ஆம் ஆண்டில் டைட்டன் வாட்சஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் ஆலை ஓசூரில் அமைந்தது. அக்காலத்தில் ஓசூர் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். மழையை நம்பிய வேளாண்மையும் மாந்தோப்புகளும் நிறைந்த அப்பகுதியில் 1970-களில் சிப்காட் தொழில்வளாகம் உருவாகி, அசோக் லேலண்டு சரக்குந்து ஆலையும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும் வந்திருந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் அது. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எச்.எம்.டி. தோன்றிய நகருக்கும் டைட்டன் தோன்றிய ஊருக்கும் இடைப்பட்ட தொலைவு இவ்வளவே.

டைட்டன் கடிகாரங்கள் 1987-இல் சந்தைக்கு வந்தன. நிறுவனத்தின் முதல் நிருவாக இயக்குநராகிய செர்க்சஸ் தேசாய் தொடக்கத்திலேயே ஒரு முடிவு செய்திருந்தார்: நாட்டில் விற்பனையான கடிகாரங்களுட் பெரும்பாலானவை சாவிக் கடிகாரங்களாக இருந்த காலத்தில், குவார்ட்ஸையே முதன்மையாகக் கொள்வது என்பதே அம்முடிவு. பொருளைத் தனிக் காட்சிக்கூடங்களில் அடுக்கி வைத்து, வாங்குவோர் தாமே தேர்ந்துகொள்ளச் செய்ததும் புதுமையே. மோட்சார்ட் என்னும் மேலைநாட்டு இசைமேதையின் 25-ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்த இசை அதன் விளம்பரங்களில் ஒலித்தது.

தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து பள்ளிக் கல்வியை முடித்த இளைஞரும் இளம்பெண்டிரும் அவ்வாலையில் சேர்க்கப்பெற்றுப் பயிற்சி பெற்றனர். மாற்றுத்திறனாளிகளும் பணியமர்த்தப்பெற்றனர். தொண்டு நிறுவனம் ஒன்றின் துணையோடு சுற்றுப்புறக் கிராமப் பெண்கள் குழுக்களாக இணைந்து ஆலைக்குரிய சில வேலைகளைச் செய்து தரும் ஏற்பாடும் உருவாயிற்று. 2002-ஆம் ஆண்டில் 3.5 மில்லிமீட்டர் தடிப்பே உடைய 'எட்ஜ்' என்னும் மெல்லிய கடிகாரத்தை அந்நிறுவனம் வெளியிட்டது. ஒரு தலைமுறைக்கு முன் கைக்கடிகாரத் தொழிலே அறியாத மண்ணின் மக்கள் உலகின் மிக மெல்லிய கடிகாரங்களுள் ஒன்றைச் செய்தனர் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தியாகும்.

பற்று தோற்றது ஏன்?

எச்.எம்.டி.யும் 1980-களின் தொடக்கத்திலேயே குவார்ட்ஸ் கடிகாரங்களை வெளியிட்டிருந்தது. எனவே அந்நிறுவனத்திற்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று கூற இயலாது. ஆயினும் அதன் உற்பத்தியில் பெரும்பகுதி சாவிக் கடிகாரமாகவே நீடித்தது. மக்கள் எம் பெயரையே நாடி வருவர் என்னும் எண்ணம், பொதுத்துறைக்கு உரிய மெல்லிய முடிவெடுப்பு, புதிய வடிவங்களில் நாட்டமின்மை ஆகியன சேர்ந்து அதனைப் பின்னுக்குத் தள்ளின. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அச்செய்தி வந்தபோது நாடு முழுவதும் பலர் வருந்தினர். எஞ்சிய கடிகாரங்களைத் தேடி வாங்கினர். பழைய ஜனதாவும் பைலட்டும் அரும்பொருள் ஆயின. அவ்வருத்தம் பொய்யன்று. ஆனால் வருந்தியோருள் பெரும்பாலோர் முந்தைய இருபது ஆண்டுகளில் ஓர் எச்.எம்.டி. கடிகாரமேனும் வாங்காதவர்கள் என்று எண்ணுவது தவறாகாது. நெஞ்சில் பற்றும் கையில் குவார்ட்ஸுமாக அவர்கள் இருந்தனர். கைக்கு வராத பற்று ஆலைத் தொழிலாளிக்கு ஊதியம் தருவதில்லை. வாங்குவோரின் அன்பையே முதலாகக் கொண்டு ஒரு நிறுவனம் நெடுங்காலம் வாழ இயலாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் முதற்பாடம்.

இதற்கு எதிர்வினாவும் உண்டு. குவார்ட்ஸ் வந்ததால் நாம் இழந்தது ஒன்றுமில்லையா? உண்டு. சாவிக் கடிகாரத்தைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் இட்டு மீண்டும் பூட்டினால் அது மேலும் பல ஆண்டு ஓடும். மலிவான குவார்ட்ஸ் கடிகாரத்தில் உள்ளியக்கம் கெட்டால் பெரும்பாலும் அதை முழுவதுமாக மாற்றிவிடுகின்றனர். கடைத்தெருக் கடிகாரக்காரரின் கைத்திறன் பேட்டரி மாற்றுவதும் வார் மாற்றுவதுமாகச் சுருங்கிப்போயிற்று. பயன் நோக்கு என்பது இன்றைய வசதியை மட்டும் எண்ணுவதாயின், அது பின்வரும் இழப்பைக் கணக்கில் கொள்ளாது. ஆகவே முழுமையான பயன் நோக்கில் பழுதுபார்க்கும் வாய்ப்பும் சேர்த்து எண்ணப்பெறல் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. எச்.எம்.டி.யை வென்ற பயன் நோக்கு, வென்றவர்பாலும் திரும்பியது. கைப்பேசியில் நேரம் தெரிவதால் கைக்கடிகாரமே இன்றியமையாத கருவி என்னும் நிலை இன்று இல்லை. இன்று பலர் கடிகாரம் அணிவது அழகிற்காக. வேறு சிலர் நாடித்துடிப்பும் நடையளவும் காட்டும் மின்னணுக் கடிகாரத்தை நாடுகின்றனர். டைட்டன் நிறுவனத்தின் வருவாயில் பெரும்பகுதி இன்று தனிஷ்க் நகை வணிகத்திலிருந்து வருகின்றது. பயன் மாறும்போது தானும் மாறிய நிறுவனம் நிலைத்தது என்பது வெளிப்படை.

கைப்பேசியில் அதே கதை

கைக்கடிகாரத்தில் கண்ட இக்கதை கைப்பேசியிலும் நிகழ்ந்தது. அதற்கும் தமிழகமே சான்று. நோக்கியா நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரில் ஆலை தொடங்கியது. 2003-இல் வெளிவந்த அதன் 1100 என்னும் எளிய கைப்பேசி உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்றது. தூசி புகாத விசைப்பலகை, இருளில் உதவும் விளக்கு, பல நாள் நீடிக்கும் மின்கலம் ஆகியன நம் நாட்டுச் சூழலுக்குப் பொருந்தின. நோக்கியா என்றால் உழைக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. ஆனால் 2007-இல் ஐபோனும் 2008-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் வந்தபின், கைப்பேசியின் பயனே மாறிவிட்டது. அதனை உணர நோக்கியா காலந்தாழ்த்தியது. 2014-இல் அதன் கைப்பேசி வணிகம் மைக்ரோசாப்ட் நிறுவனத்திடம் சென்றது; வரி வழக்கில் சிக்கியிருந்த திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேராது, அவ்வாண்டு நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர் வேலை இழந்தனர்.

இன்று ஓசூரை அடுத்துள்ள டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உறைப்பாகங்கள் செய்யப்பெறுகின்றன. அங்குப் பணிபுரிவோருள் இளம்பெண்டிர் மிகுதி. 'வெளிநாட்டுப் பொருள்' என்று நாம் வியக்கும் ஒன்றில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கைகளின் உழைப்பும் கலந்துள்ளது. அந்நாள் வளைகுடாக் கடிகாரத்தின்மீது கொண்ட மயக்கம் இந்நாள் கைப்பேசியின் பின்புறச் சின்னத்தின்மீது திரும்பியிருக்கின்றது. பெயர் எங்கோ பிறந்தது. பொருள் நம் ஊரில் உருப்பெறுகின்றது. இதனை உணர்ந்த மாணவர் ஒரு சின்னத்தைக் கண்டு தம்மைத் தாழ்வாகவோ உயர்வாகவோ எண்ணமாட்டார்.

பற்றின் மூவகை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பெயர்ப் பற்று மூவகைப்படும் எனலாம்.

ஒன்று, அறிவால் விளைந்த பற்று. ஒரு பொருளை முன்னர்ப் பயன்படுத்தி, அது உழைத்ததைக் கண்டு, மீண்டும் அதனையே நாடுதல். எச்.எம்.டி.யின் தொடக்க காலப் பற்று இத்தகையது. இது பழம்பயனின் நினைவே ஆதலால் போற்றத்தக்கது. எனினும் நினைவு பழையதாகும்போது மீண்டும் சோதிக்கப்பெறல் வேண்டும்.

இரண்டு, பகட்டால் விளைந்த பற்று. பிறர் காணவேண்டும் என்பதற்காக ஒரு பெயரை அணிதல். இதில் பொருள் கருவியாகாது விருதாகின்றது. வகுப்பில் ஒருவர் வாங்கியதால் மற்றவர் வீட்டில் பூசல் எழுவது இதனாலேயே.

மூன்று, தளையால் விளைந்த பற்று. படங்கள், முகவரிகள், மின்னேற்றிகள், பழகிய முறைகள் யாவும் ஒரு நிறுவனத்தின் அமைப்புக்குள் அடங்கிவிடுவதால் வெளியேற இயலாமல் அதனையே தொடர்தல். இதனை அன்பு என்று கூறுதல் பொருந்தாது. இது கட்டுண்ட நிலையே. சாவிக் கடிகாரத்தில் இத்தளை இல்லை. ஒன்றைக் கழற்றி மற்றொன்றை அணிந்தால் முடிந்தது. கைப்பேசியில் இது வலிமை பெற்றுள்ளது. எனவே இக்காலத்தார்க்குக் கூடுதல் விழிப்பு வேண்டும்.

தேர்வு செய்யும் நெறி

திருக்குறளின் 51-ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதல், வினைக்கு உரியாரை அரசன் தேர்வது பற்றியது. நன்மைகளையும் குறைகளையும் தனித்தனியே எண்ணி, எப்பக்கம் கூடுதலோ அதன்படி முடிவு செய்யவேண்டும் என்பது அங்குக் கூறப்பெறும் நெறி. சோதித்துப் பாராமல் நம்புவதும், சோதித்து நம்பியபின் ஓயாது சந்தேகிப்பதும் துயரமே தரும் என்றும் அவ்வதிகாரம் அறிவுறுத்துகின்றது. ஆளைத் தேர்வதற்குச் சொன்ன இந்நெறி, பொருளைத் தேர்வதற்கும் பொருந்தும். பெயரை மட்டும் நோக்குவோர் முதற்குற்றத்தைச் செய்கின்றனர். ஆண்டுதோறும் புதியதைத் தேடிக் கையிலுள்ளதை வெறுப்போர் இரண்டாம் குற்றத்தைச் செய்கின்றனர்.

இந்நெறியை ஐந்து வினாக்களாகப் பகுத்துக்கொள்ளலாம்.

முதல் வினா: இப்பொருளால் நாம் செய்யப்போவது என்ன? பாடக்குறிப்பு படித்தல், வீட்டாரோடு பேசுதல், பணம் செலுத்துதல் ஆகியவற்றிற்கு வேண்டுவது வேறு. படத் தொகுப்பைத் தொழிலாகக் கொண்டவர்க்கு வேண்டுவது வேறு.

இரண்டாம் வினா: பழுதுற்றால் எங்குச் செல்வது? உதிரி உறுப்பு நம் ஊரிலேயே கிடைக்குமா, பெங்களூருக்கோ சேலத்திற்கோ செல்லவேண்டுமா? பொருளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையவாயிலைத் தொடங்கியுள்ளது. அதனை அறிந்திருத்தல் நலம்.

மூன்றாம் வினா: ஆண்டொன்றுக்கு என்ன செலவு? இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 60,000 ரூபாய்க் கைப்பேசி 6 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 12,000 ரூபாய்க் கைப்பேசி 2 ஆண்டில் கெட்டால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதே கைப்பேசிக்கு 1,500 ரூபாயில் பேட்டரி மாற்றி 4 ஆண்டு பயன்படுத்தினால் மொத்தம் 13,500 ரூபாய்; ஆண்டுக்கு 3,375 ரூபாய். விலையுயர்ந்தது எப்போதும் இழப்பன்று. மலிவானது எப்போதும் ஆதாயமன்று. உழைக்கும் காலமே கணக்கை மாற்றுகின்றது. பாதுகாப்புக்குரிய மென்பொருள் மாற்றங்களை எத்தனை ஆண்டு தருவர் என்பதையும் உழைக்கும் காலத்தோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

நான்காம் வினா: நாளை வேறொன்றுக்கு மாற விரும்பினால் நம் படங்களும் குறிப்புகளும் உடன் வருமா?

ஐந்தாம் வினா: இது எவர் பணம்? தன் உழைப்பால் ஈட்டியவர் தான் விரும்பியதை வாங்குவதில் பிறர் தலையிட இடமில்லை. ஆனால் தந்தையின் இரவுப்பணி ஊதியத்திலோ, தாய் அடகு வைத்த நகையிலோ, வட்டியும் தவணையுமாக நீளும் கடனிலோ வாங்கப்பெறும் பொருளை இவ்வினாவின்றித் தேர்தல் அறமாகாது. சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தப் பணி செய்வோரின் பிள்ளைகள் பலர் நம் பகுதிக் கல்லூரிகளில் பயில்கின்றனர். அவர்தம் வீடுகளில் 60,000 ரூபாய் என்பது பல மாத உணவும் வாடகையும் ஆகும். இக்கட்டுரையில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது இவ்வினாவையே.

பெரியோர்க்கு ஒரு சொல்

மாணவர்க்கு மட்டும் அறிவுரை கூறி முடித்தல் முறையன்று. பெரியோரிடமும் பெயர்ப் பற்று உண்டு. 'எங்கள் காலத்துக் கடிகாரம்போல் வருமா?' என்று கூறி, புதியதைத் தீண்டாது ஒதுக்குவதும் ஆராயாத தெளிவே. கைப்பேசியில் பாடம் பயிலும் பேரப்பிள்ளையை விளையாடுவதாக எண்ணிக் கடிவதும் அத்தகையதே. பள்ளிவாசலின் பழைய சுவர்க்கடிகாரத்தை மாற்றிப் பிழையின்றி நேரம் காட்டும் ஒன்றை வைத்தவர்களும் நம் பெரியோரே அல்லரோ? அவர்கள் பழைய கடிகாரத்தை வெறுத்தனர் அல்லர். அக்கடிகாரம் எதற்காக வைக்கப்பெற்றதோ அந்நோக்கத்தை நினைத்தனர். நேரம் தவறாமையே நோக்கம். கடிகாரம் அதற்குக் கருவி. அந்நோக்கத்தின்மீது கொண்ட பற்றே நீடிக்கத்தக்கது.

முடிவுரை

பெங்களூரில் தோன்றிய ஒரு பெயரும் ஓசூரில் தோன்றிய ஒரு பெயரும் நமக்குக் கற்பிப்பன இவை: பற்று பயனில் வேரூன்றும், பயன் நீங்கின் பற்று நினைவாக மட்டும் எஞ்சும். வாங்குவோரின் பற்றை நம்பிச் செய்வோர் உறங்கினால் ஆலை மூடப்பெறும். பெயரின் பகட்டை நம்பி வாங்குவோர் மயங்கினால் வீடு கடன்படும். வசதியை மட்டும் நோக்கினால் பழுதுபார்க்கும் கைத்திறன் அழியும். ஆகவே பழகிய நம்பிக்கையை மதித்து, இன்றைய தேவையை எண்ணி, நாளைய பழுதையும் கணக்கிட்டு, எவர் பணம் என்பதை மறவாது தேர்தலே தக்கது.

எல்லைப்புற மக்களாகிய நாம் இயந்திரங்களை வாங்குவோர் மட்டும் அல்லேம். அவற்றைச் செய்வோரும் ஆவோம். கடிகாரம், மொபெட், சரக்குந்து, இன்று கைப்பேசி என நம் ஊர்க் கைகளால் உருப்பெறும் பொருள்கள் பல. செய்யத் தெரிந்த சமுதாயம் தேர்ந்தெடுக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். அத்தெளிவை நம் மாணவச் செல்வங்கள் பெறுவார்களாக.